புல் வெட்டுற மெஷின் தேய்ஞ்சு போச்சா? பிளேட தீட்டுறதுக்கு முன்னாடி ஆட்டம் எங்க இருக்குன்னு பாருங்க

புல்லு சரியா அறுபடல, பாதிய வெட்டுது, மீதிய மடிச்சுப் போட்டுட்டு போகுதுன்னா எல்லாரும் முதல்ல கை வைக்கிறது பிளேடுலதான். கிரைண்டர எடுத்து பளபளன்னு தீட்டி மாட்டுவாங்க, கொஞ்ச நாள் நல்லா ஓடும், மறுபடியும் அதே கதை. அப்புறம் புது பிளேடே வாங்கி மாட்டுவாங்க, அதுவும் சீக்கிரமே அப்படித்தான் ஆகும். கடைசில மெஷின் பழசாயிடுச்சுப்பா, இனிமே இது ஆகாதுன்னு ஓரங்கட்டிடுவாங்க. நெறைய மெஷின்ல பிளேடு மேல ஒரு தப்பும் இருக்காது. அதைத் தாங்குற, ஆட்டுற, சுத்துற இடங்கள்ல எங்கயோ தேய்ஞ்சு போயிருக்கும், அந்த தேய்மானம்தான் பிளேட மொக்கையாக்குது.

ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், கெட்டியான வைஸ் ஒண்ணு, இவ்ளோ இருக்கிற சின்ன பட்டறைலயே இந்த மாதிரி மெஷின் நெறைய காப்பாத்தலாம். ஆனா எத மாத்தணும், எத கடையணும், எதத் தொடவே கூடாதுன்னு தெரியணும்னா முதல்ல ஒரே ஒரு விஷயம் புரிஞ்சா போதும். அதான் ஆட்டம், அதாவது கிளியரன்ஸ்.

மெஷின்ல எங்கெல்லாம் ஒண்ணு அசையுதோ அங்கெல்லாம் ரெண்டு பரப்பு ஒண்ணோட ஒண்ணு உரசும். பின்னும் ஓட்டையும், ஷாஃப்ட்டும் புஷ்ஷும் (ஓட்டைக்குள்ள ஏத்துற குழாய் மாதிரி வளையம்), கத்தியும் அது உக்கார்ற தட்டும்னு எல்லாமே ஜோடி ஜோடியாத்தான் இருக்கும். இந்த ஜோடிக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி கட்டாயம் வேணும், இல்லன்னா இறுகிக்கும், கிரீஸ் போகவும் வழி இருக்காது. ஆனா அந்த இடைவெளி ரொம்ப ரொம்ப கம்மியா இருக்கணும். 25 மிமீ பின் ஒண்ணு புஷ்ல ஓடுதுன்னா 0.05லேர்ந்து 0.1 மிமீ இருந்தா போதும், சாதாரண பிரின்ட் பேப்பர் ஒண்ணோட தடிமனே கிட்டத்தட்ட 0.1 மிமீதான், அப்ப எவ்ளோ சின்ன விஷயம்னு பாத்துக்குங்க. தேய்மானம்ங்கிறது இந்த இடைவெளி பெருசாகுறதுதான், வேற ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல. அதனால ரிப்பேர்னா என்னன்னு கேட்டா, பார்ட்ட புதுசாக்குறது இல்ல, அந்த இடைவெளிய பழைய அளவுக்குக் கொண்டு வர்றது. கூடவே, இனிமே இந்த ஜோடில எது தேயணும்னு நாமளே முடிவு பண்றது. இந்த ரெண்டாவதத்தான் பெரும்பாலும் யோசிக்காம விட்டுடுறாங்க.

தேய்மானத்துல ஒரு மோசமான குணம் இருக்கு, அது ஒரே வேகத்துல போகாது. இடைவெளி சின்னதா இருக்கிற வரைக்கும் ரெண்டு பரப்பும் வழுக்கிட்டு ஓடும், தேய்மானம் மெதுவா நடக்கும். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் ஆயிடுச்சுன்னா வழுக்கல் போய் அடி ஆரம்பிச்சுடும், ஏன்னா திசை மாறுற ஒவ்வொரு தடவையும் பின் அந்த காலி இடத்தத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்து சுவர்ல மோதும். கட்டர் பார் மெஷின்ல, அதாவது கத்தி இடமும் வலமும் ஓடி வெட்டுற வகைல, அந்தக் கத்திய ஆட்டுற கிராங்க் நிமிஷத்துக்கு 900 சுத்துன்னு வச்சுக்குங்க, ஒரு சுத்துல கத்தி ரெண்டு தடவை திசை மாறும், அப்ப நொடிக்கு 30 அடி. அடிக்க அடிக்க ஓட்டை பெருசாகும், பெருசாக பெருசாக அடி இன்னும் பலமாகும். போன சீசன்ல லேசா லொடலொடன்னு சத்தம் கேட்டது இந்த சீசன்ல திடீர்னு உடைஞ்சு போச்சுன்னு சொல்றது இதனாலதான், திடீர்னு எல்லாம் ஒண்ணும் நடக்கல.

சரி, ஆட்டத்த எப்படி கண்டுபிடிக்கிறது? அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், டிராக்டர நிறுத்தி சாவிய கழட்டி உங்க பாக்கெட்ல போட்டுக்குங்க, பிடிஓ ஷாஃப்ட்ட (டிராக்டர்லேர்ந்து மெஷினுக்கு சுத்து கொண்டு வர்ற தண்டு) கழட்டி தனியா வச்சுடுங்க, மெஷின தூக்கி வச்சு அடியில போறதா இருந்தா ஹைட்ராலிக்க மட்டும் நம்பாம ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்க. ஹைட்ராலிக் ஹோஸ் ஒண்ணு விட்டுச்சுன்னா யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

முதல்ல கையால ஆட்டிப் பாருங்க, கைக்குத் தெரியலன்னா ஒரு நீளக் கம்பிய நெம்புகோலா வச்சு மெதுவா நெம்பிப் பாருங்க. ஒருத்தர் ஆட்டணும், இன்னொருத்தர் அந்த ஜாயின்ட் மேல விரல வச்சுக்கணும், கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்த விரல் சொல்லிடும். நசுங்காத இடமா பாத்து விரல வைங்க. டயல் கேஜ் இருந்தா அதோட மேக்னட் ஸ்டாண்ட ஃபிரேம்ல ஒட்டி, முனைய ஷாஃப்ட்ல தொட வச்சு நெம்பினா நம்பராவே தெரியும். இதுல புதுசா வர்றவங்களுக்கு வர்ற குழப்பம் என்னன்னா ஒரிஜினல் அளவு எவ்ளோன்னே தெரியாது, மேனுவல் இருக்காது. அதுக்கு ஷாஃப்ட்டுலயே பதில் இருக்கு, தேயாத இடம்னு ஒண்ணு எப்பவும் இருக்கும். பேரிங்குக்கு வெளிய கொஞ்சம் நீட்டிட்டு இருக்கிற பகுதி, பின்னோட தலைக்கு ஒட்டின இடம், ஸ்பேசர் மூடியிருந்த இடம், இதையெல்லாம் மைக்ரோமீட்டர்ல அளந்தா பழைய அளவு தெரிஞ்சுடும். தேய்ஞ்ச இடத்துல ஒரு தடவை அளந்துட்டு விட்டுடாதீங்க, நீளவாக்குல மூணு இடம், ஒவ்வொரு இடத்துலயும் 90 டிகிரி திருப்பி ரெண்டு தடவைன்னு அளங்க. தேய்மானம் வட்டமா வர்றது ரொம்ப அபூர்வம், ஒரு பக்கமா முட்டை வடிவத்துலதான் வரும், எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்குங்கிறது சுமை எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டிக் குடுத்துடும்.

இப்ப கட்டர் பார எடுத்துக்கலாம், ஆட்டம்னா என்னன்னு கத்துக்க இதவிட நல்ல மெஷின் கிடையாது. 1833ல ஓபெட் ஹஸ்ஸியும் 1834ல சைரஸ் மெக்கார்மிக்கும் அமெரிக்கால அறுவடை மெஷினுக்கு பேடென்ட் வாங்கினப்போ இருந்த அதே அடிப்படைதான் இன்னிக்கும், முன்னாடி நீட்டிட்டு இருக்கிற விரல்களுக்கு நடுவுல பல்லு வச்ச கத்தி இடமும் வலமும் ஓடும். அந்த விரலுக்கு கார்டுன்னு பேரு, கத்திப் பட்டைல ரிவிட் அடிச்ச ஒவ்வொரு முக்கோணப் பல்லும் ஒரு செக்‌ஷன். கிட்டத்தட்ட 200 வருஷமா பெருசா மாறல. இது கத்தரிக்கோல் மாதிரிதான் வெட்டுது. கத்தரிக்கோல்ல நடு ஆணி லூஸாயிட்டா எவ்ளோ கூரா இருந்தாலும் துணி ரெண்டு அலகுக்கும் நடுவுல மடிஞ்சு மாட்டிக்கும்ல, புல்லும் அப்படியேதான். முக்கோண செக்‌ஷன் ஒரு அலகு, கார்டுக்குள்ள பதிச்சிருக்கிற லெட்ஜர் பிளேட் இன்னொரு அலகு. செக்‌ஷன் இந்த லெட்ஜர் பிளேட் மேல ஒட்டிப் படிஞ்சு ஓடணும். மேல்பக்கம் அத அமுக்கிப் பிடிக்க கிளிப் இருக்கும், பின்பக்கம் கத்தி முதுகு சாயாம இருக்க வேர் பிளேட் இருக்கும். பேர்லயே இருக்கு பாருங்க, இது தேயறதுக்குன்னே வச்ச பிளேட்.

கத்திய வெளிய உருவிட்டு, நேரான ஸ்டீல் பட்டை ஒண்ண வரிசையா நாலஞ்சு லெட்ஜர் பிளேட் மேல வச்சுப் பாருங்க. எல்லாத்துலயும் ஒட்டி உக்காந்தா சரி. ஏதாவது ஒண்ணு கீழ தாழ்ந்திருந்தா அந்த கார்டு கல்லுல மோதி வளைஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்த இடத்துல செக்‌ஷனுக்கு அடில காத்துதான் இருக்கும், புல்லு வெட்டாது. பக்கத்துல கனமான இரும்பு ஒண்ண முட்டுக் குடுத்து, கார்டு மூக்குல கீழேர்ந்து சுத்தியலால தட்டினா மேல வரும், அதிகமா வந்துட்டா மேலேர்ந்து தட்டணும். மல்லியபிள் இரும்பு, ஃபோர்ஜிங் கார்டெல்லாம் இதுக்கு வளைஞ்சு குடுக்கும். விரிசல் தெரிஞ்சா தட்டவே தட்டாதீங்க, கழட்டிட்டு வேற போடுங்க. கிழிஞ்ச, முனை மழுங்கின லெட்ஜர் பிளேட் இருந்தா ரிவிட்ட எடுத்துட்டு புதுசு போடுங்க, அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. லெட்ஜர் பிளேட் ஓரத்துல இருக்கிற சின்ன சின்ன பல்ல யாராவது கிரைண்டர் வச்சு மழமழன்னு ஆக்கியிருந்தா புல்லு வழுக்கிட்டுப் போகும், அந்த பல்லு இருக்கிறதே புல்லு வழுக்காம நிக்கத்தான்.

செக்‌ஷன் மாத்துறது பாக்க கஷ்டமா இருக்கும், ஆனா அதுல ஒரு நல்ல வழி இருக்கு. உளி வச்சு ரிவிட் தலைய வெட்டப் போனா பட்டைல இருக்கிற ஓட்டையும் கெடும், அதனால அது வேணாம். வைஸ் தாடைய கொஞ்சம் திறந்து, கத்திப் பட்டையோட முதுகு மேல பாத்த மாதிரி, முக்கோணம் தாடைக்கு நடுவுல கீழ தொங்குற மாதிரி வைங்க, பட்டை தாடை மேல நல்லா உக்காந்திருக்கணும். இப்ப செக்‌ஷனோட பின் விளிம்புல சுத்தியலால நச்சுனு ஒரு அடி, ரெண்டு ரிவிட்டும் கத்தரிச்சுக்கிட்டு செக்‌ஷன் கீழ விழுந்துடும், பட்டைக்கு ஒண்ணும் ஆகாது. மிச்ச ரிவிட்ட பஞ்ச் வச்சுத் தள்ளிடலாம். பழைய செக்‌ஷன் கெட்டியான ஸ்டீல், அடிக்கிறப்போ சில்லு தெறிக்கலாம், கண்ணாடி போடாம இத பண்ணாதீங்க. புதுசு மாட்டுறப்போ செக்‌ஷனுக்கும் பட்டைக்கும் நடுவுல துரு, மண்ணு இருக்கக் கூடாது, ரிவிட் போட்டதுக்கு அப்புறம் கையால ஆட்டிப் பாத்தா துளிகூட அசையக் கூடாது. மேல்பக்கம் பல்லு வெட்டின செக்‌ஷன்னா தீட்டப் பாக்காதீங்க, தீட்டினா அந்த பல்லே போயிடும், நேரா மாத்திடுங்க. அடிப்பக்கம் பல்லு இருக்கிறத மேல சரிவுல மட்டும், பழைய கோணம் மாறாம தீட்டலாம்.

கிளிப்புக்கும் செக்‌ஷனுக்கும் நடுவுல அரை மிமீக்குள்ள இடைவெளி இருந்தா நல்லது, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இல்லன்னாலும் பரவால்ல, கிளிப்ப ஒவ்வொண்ணா தட்டித் தட்டி கத்திய கையால இழுத்துப் பாத்துக்கிட்டே போங்க, தாராளமா ஓடணும் ஆனா மேல தூக்கினா தூக்கக் கூடாது. எல்லா கிளிப்பையும் தட்டிட்டு கடைசில இழுத்துப் பாத்தா எது பிடிக்குதுன்னே தெரியாது, அதான் ஒவ்வொண்ணா.

அடுத்தது ரெஜிஸ்டர். கத்தி ஒரு கோடிக்குப் போய் நிக்கிறப்போ முக்கோணத்தோட நடு கார்டோட நடுல இருக்கணும், மறு கோடியிலயும் அப்படியே. பரவலா ஓடுற மெஷின்ல கார்டுக்கு கார்டு 3 இன்ச், அதாவது 76 மிமீ, கத்தி ஓடுற தூரமும் கிட்டத்தட்ட அதே. ஒரு பக்கம் சரியா வந்து மறுபக்கம் குறையுதுன்னா பிட்மேன் (கிராங்கையும் கத்தியையும் இணைக்கிற கம்பி) நீளத்த இல்ல பார் இருக்கிற இடத்த கொஞ்சம் மாத்தணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குறையுதுன்னா? அங்கதான் ஆட்டம். கிராங்க் பக்கத்து பேரிங்லயும், பிட்மேன் வந்து சேர்ற கத்தித் தலைலயும் சேர்த்து 3 மிமீ ஆட்டம் இருந்தா அவ்ளோ தூரம் கிராங்க் சும்மா நகரும், கத்தி நகராது. இத அட்ஜஸ்ட்மென்ட் பண்ணி சரி பண்ண முடியாது, புஷ் போட்டாதான் முடியும்.

லீடுன்னு இன்னொண்ணு இருக்கு, பலபேர் இத விட்டுடுறாங்க. பாரோட வெளி முனை உள் முனையவிட கொஞ்சம் முன்னாடி இருக்கணும், அடிக்கு கால் இன்ச்ங்கிறது பொதுவான கணக்கு, அதாவது மீட்டருக்கு சுமார் 20 மிமீ. 6 அடி பாருக்கு ஒன்றரை இன்ச். ஏன்னா வேலை செய்யறப்போ புல்லோட எதிர்ப்பு வெளி முனைய பின்னாடி தள்ளும், அப்ப பார் நேராகி கத்தியும் பிட்மேனும் ஒரே கோட்டுல வரும். பாரத் தாங்குற கீல் பின் தேய்ஞ்சா இந்த லீடு காணாமப் போயிடும், நிறுத்தி வச்சப்போ நேரா இருக்கிற பார் ஓடறப்போ பின்னாடி வளைஞ்சு நிக்கும், கத்தி கோணலா இழுபட்டு தலைப்பக்கமே உடையும். கத்தித் தலை அடிக்கடி உடையுது, வெல்டிங் வச்சும் நிக்கலன்னு சொல்றவங்க வெல்டிங்க விட்டுட்டு கீல் பின்ன பாக்கணும். வெளி முனைய கையால முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்க, எவ்ளோ ஆடுதுன்னு அங்கயே தெரியும், கீல்ல 1 மிமீ ஆட்டம் இருந்தா முனைல அது பல மடங்காத் தெரியும்.

அப்ப பின்னும் ஓட்டையும் எப்படி சரி பண்றது? சின்ன பட்டறைல ரொம்ப அடிக்கடி வர்ற வேலை இது. 25 மிமீ ஓட்டை 27, 28 ஆகி முட்டை வடிவத்துல இருக்குன்னு வைங்க. வர்ற முதல் யோசனை பெரிய டிரில் பிட் விட்டு வட்டமாக்கிடலாம்னுதான். அது வேலைக்கு ஆகாது, டிரில் பிட் ஏற்கனவே இருக்கிற ஓட்டைய பிடிச்சுக்கிட்டு தேய்ஞ்ச பக்கமாத்தான் இழுத்துட்டுப் போகும், ஓட்டை வட்டமா வந்தாலும் நடு மாறிப் போயிருக்கும். நடு மாறினா கீல் கோணலாகும், லீடு போகும், எல்லாம் போச்சு. போரிங்தான் போடணும், ஒற்றை முனை டூல் பழைய ஓட்டைய பின்பற்றாது, நாம வச்ச நடுவ சுத்திதான் வெட்டும். பார்ட் லேத்ல மாட்டுற அளவுக்கு இருந்தா ஃபேஸ் பிளேட்ல கட்டி, தேயாத பக்கத்த ஆதாரமா வச்சு நடு பிடிங்க. ரெண்டு காது இருக்கிற கீல்னா ரெண்டையும் தனித்தனியா போடாதீங்க, ரெண்டு ஓட்டைக்கும் ஊடால ஒரே கம்பிய விட்டு, ஒரே போரிங் பார்ல ரெண்டையும் வெட்டினாதான் பின் சிக்காம போகும். போரிங்குக்கு வழியே இல்லன்னா இன்னொரு வழி இருக்கு, ஓட்டைய பெருசா கேஸ்ல வெட்டிட்டு, லேத்ல கடைஞ்சு ரெடி பண்ணின புது வளையத்த ரெண்டு காதுக்கும் ஒரே கம்பில கோர்த்து நேர் பாத்து வெல்டிங் வைக்கிறது. கொஞ்சம் முரட்டு வேலைதான், ஆனா நடு சரியா இருந்தா நல்லாவே நிக்கும்.

ஓட்டைய 32 ஆக்கினா, வெளி விட்டம் ஓட்டையவிட 0.02லேர்ந்து 0.04 மிமீ வரைக்கும் கூடுதலா புஷ் கடைஞ்சு பிரஸ்ல ஏத்துங்க. பிரஸ் இல்லன்னா பெரிய வைஸ், இல்ல நீள போல்ட்டும் வாஷரும் போட்டு இறுக்கியும் ஏத்தலாம், சுத்தியலால அடிச்சு ஏத்தினா புஷ் வாய் நசுங்கும். ஏத்தினதும் உள் விட்டம் கொஞ்சம் சுருங்கும், அதனால உள் அளவ கடைசில ரீமர் விட்டு முடிங்க, முன்னாடியே முடிச்சுட்டா பின் போகாது.

புஷ்ஷ எதுல கடையறது? இதுலதான் எனக்கு கொஞ்சம் வாக்குவாதம் பண்ணப் பிடிக்கும். புஷ்னா கன்மெட்டல்னு (ஒரு வகை வெண்கலம்) ஒரு பழக்கம் எல்லார்கிட்டயும் இருக்கு. சுத்தமான இடத்துல, எண்ணெய் ஒழுங்கா கிடைக்கிற இடத்துல அது அருமையான பொருள், கியர் பாக்ஸுக்குள்ள கேள்வியே இல்ல. ஆனா மண்ணுல உரசிக்கிட்டுப் போற கீல்ல? மணல் துகள் மெத்துன்னு இருக்கிற கன்மெட்டல்ல பதிஞ்சு உக்காந்துக்கும், உக்காந்துட்டு கெட்டியான பின்ன தேய்க்க ஆரம்பிச்சுடும். கழட்டிப் பாத்தா புஷ் நல்லா இருக்கும், பின் தேய்ஞ்சிருக்கும், கெட்டியானது எப்படி தேஞ்சுச்சுன்னு தலைய சொறிவாங்க. அதனால மண்ணு போற இடத்துல, மெதுவா அசையற ஜாயின்ட்டா இருந்தா, கடினப்படுத்தின ஸ்டீல் புஷ், கடினப்படுத்தின பின், நடுவுல கிரீஸ் போக ஒரு பள்ளம், இதுதான் என் கட்சி. எது தேயணும்னு முடிவு பண்ணுங்கன்னு மேல சொன்னேன்ல, விதி இதான், கழட்ட ஈஸியா எது இருக்கோ, கடைய செலவு கம்மியா எது ஆகுமோ அது தேயட்டும். ஃபிரேமும் காஸ்டிங்கும் எந்தக் காலத்துலயும் தேயக் கூடாது.

அடுத்து சுத்துற வகை. ரோட்டரி மெஷின், டிஸ்க், டிரம் எல்லாம் கத்தரிக்காது, வேகத்துல அடிச்சு அறுக்கும். 75 செமீ ஆரத்துல இருக்கிற பிளேடு முனை 1000 ஆர்பிஎம்ல மணிக்கு 280 கிமீக்கு மேல போகுது. அதனால இங்க கூர்மை ரெண்டாம் பட்சம், வேகமும் பேலன்ஸும்தான் முக்கியம். கனமான ரோட்டரி பிளேட சவரக் கத்தி மாதிரி தீட்டத் தேவையே இல்ல, ஓரத்துல ஒன்றரை மிமீ மொட்டை விட்டா போதும், ரொம்ப மெல்லிசா தீட்டினா முதல் கல்லுலயே மடங்கிடும். ஆனா எடை முக்கியம். ஒரு பிளேடு இன்னொண்ணவிட 50 கிராம் கூட இருந்து, அதோட எடை மையம் 60 செமீ தூரத்துல இருந்தா, 1000 ஆர்பிஎம்ல ஸ்பிண்டில் மேல, அதாவது பிளேட தாங்கி சுத்துற தண்டு மேல, 330 நியூட்டன் விசை வரும், அதாவது 33 கிலோ எடை நொடிக்கு 16 தடவைக்கு மேல சுத்தி சுத்தி இழுக்குது. சும்மா ஐம்பது கிராம்தானேன்னு விடுறது இப்படி வந்து முடியும். தீட்டினதும் ஜோடியா தராசுல போட்டுப் பாத்து, கூட இருக்கிறதுல தேய்ச்சு குறைங்க, மாத்துறதா இருந்தா ஜோடியாவே மாத்துங்க. விரிசல் விட்ட பிளேட வெல்டிங் வைக்கிறது வேணவே வேணாம், ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணின ஸ்டீல் அது, வெல்டிங் பக்கத்துல ஒரு இடம் முறுக்கிக்கிட்டு உடையற பதத்துக்குப் போயிடும், அந்த வேகத்துல ஒரு துண்டு பறந்துச்சுன்னா துப்பாக்கி குண்டுக்குக் குறைஞ்சது இல்ல. இதுல விவாதத்துக்கே இடம் இல்ல.

ஸ்பிண்டில கழட்டினா பேரிங் உக்கார்ற இடம் பளபளன்னு தேய்ஞ்சிருக்கும். எங்க தேய்ஞ்சிருக்குன்னு பாருங்க, அதுலயே நோய் தெரியும். பெல்ட் இழுக்கிற இழுப்பு ஒரே திசைலேர்ந்து வருது, ஷாஃப்ட் சுத்துது, அதனால ஃபிட் லூஸா இருந்தா உள் வளையம் ஷாஃப்ட் மேல நழுவி நழுவி ஷாஃப்ட்ட தேய்க்கும். பேலன்ஸ் இல்லாத பிளேடா இருந்தா விசையும் ஷாஃப்ட்டோட சேர்ந்தே சுத்தும், அப்ப வெளி வளையம் ஹவுசிங்குள்ள (பேரிங் உக்கார்ற கூடு) நழுவும், ஹவுசிங் ஓட்டை பெருசாகும். ஹவுசிங் தேய்ஞ்ச மெஷினுக்கு புஷ் மட்டும் போட்டு அனுப்பி, பிளேட கவனிக்காம விட்டா அது திரும்பி வரும்.

அளவு விஷயத்துல இங்க கொஞ்சமும் இரக்கம் கிடையாது. 6206 பேரிங்குக்கு உள் அளவு 30, வெளி அளவு 62. k6, H7ங்கிறது எவ்ளோ இறுக்கமா உக்காரணும்னு சொல்ற குறியீடு, ஷாஃப்ட் k6 ஃபிட்டுன்னா 30.002லேர்ந்து 30.015க்குள்ள, ஹவுசிங் H7ன்னா 62.000லேர்ந்து 62.030க்குள்ள. வெர்னியர்ல இத அளக்க முடியாது, மைக்ரோமீட்டர் வேணும். ஷாஃப்ட் 29.95ன்னு இருந்தா, நல்லா தின்னர்ல துடைச்சு, பேரிங் ஒட்டுற லாக்டைட் வகை பசைய போட்டு விட்டுடலாம், இடைவெளி ஒரு 0.1 மிமீ வரைக்கும் அது தாங்கும். சென்டர் பஞ்ச் வச்சு புள்ளி புள்ளியா குத்தி பெருசாக்குறது ஊரறிஞ்ச வித்தை, பேரிங் அந்த புள்ளிங்களோட முனைல மட்டும் உக்காரும், சீக்கிரம் நசுங்கி பழையபடி ஆயிடும். வேலைக்கு நடுவுல நின்னு போச்சு, அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஓட்டணும்னா குத்துங்க, ரிப்பேர்னு பில் போடாதீங்க.

அதுக்கு மேல தேய்ஞ்சா வெல்டிங் வச்சு கடையணும். முதல்ல ஒரு மிமீ ஆழத்துக்கு கடைஞ்சு, கிரீஸ் ஊறின பழைய தோல எடுத்துடுங்க, இல்லன்னா வெல்டிங்ல துளை துளையா வரும். லோ ஹைட்ரஜன் ராடு, 7018 மாதிரி. இஎன்8 ஷாஃப்ட்டுன்னா கார்பன் 0.4 சதவீதம் பக்கம், 150லேர்ந்து 200 டிகிரி வரைக்கும் சூடு பண்ணிட்டு வைங்க. சுத்தி சுத்தி ஒரே பக்கமா வைக்காம நீளவாக்குல ஒரு கோடு, அப்புறம் நேரெதிர் பக்கம் ஒரு கோடுன்னு மாத்தி மாத்தி வச்சா வளையறது குறையும். முடிஞ்சதும் சாம்பல்லயோ காய்ஞ்ச சுண்ணாம்புலயோ புதைச்சு மெதுவா ஆற விடுங்க, தண்ணில முக்கிடாதீங்க, முக்கினா டூல் இறங்காது. கடையறப்போ ரெண்டு சென்டருக்கு நடுவுல பிடிச்சு, தேயாத இடத்துல டயல் கேஜ் வச்சு ஓட்டம் பாத்துட்டு வெட்டுங்க, கார்பைடு டிப் போடுங்க. தோள்பட்டை மூலைல கூரான வெட்டு விடாம சின்னதா ஒரு வளைவு விடுங்க, ஷாஃப்ட் உடையறது பெரும்பாலும் அந்த மூலைலதான். மெஷின்லயே வச்சு ஏதாவது வெல்டிங் பண்றதா இருந்தா எர்த் கிளாம்ப வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டுங்க, தூரமா மாட்டினா கரண்ட் பேரிங் வழியா போய் பேரிங் குண்டுங்கள்ல தீப்பொறி பட்டு குழி விழுந்துடும், புது பேரிங் மறுநாளே கத்தும்.

ஷாஃப்ட்ட குறைச்சு மேல குழாய் மாதிரி ஒரு ஸ்லீவ் போடலாமேன்னு கேட்பீங்க. கணக்கு பாருங்க, வளைவ தாங்குற பலம் விட்டத்தோட மூணாம் அடுக்குல போகும், 30 மிமீய 24 ஆக்கினா பலம் பாதிதான் மிஞ்சும். ஹவுசிங்குக்கு ஸ்லீவ் சரி, பிளேட தாங்குற ஷாஃப்ட்டுக்கு வேணாம். சின்ன ஸ்பிண்டிலா இருந்தா வெல்டிங்கும் வேணாம், புது ராடு எடுத்து முழுசா கடைஞ்சுடுங்க, நேரமும் கிட்டத்தட்ட அதேதான் ஆகும், நிம்மதியும் இருக்கும்.

கீவே (ஷாஃப்ட்ல கீ உக்கார்ற பள்ளம்) தேய்ஞ்சிருந்தா அத அகலப்படுத்தி படி வச்ச கீ போடலாம், இல்ல ஷாஃப்ட்ல எதிர்ப்பக்கம் புது கீவே வெட்டலாம். கியர் பாக்ஸ்ல ஆயில் ஒழுகுதுன்னு சீல மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம், உள்ள இருக்கிற காத்து வெளிய போற பிரீதர் ஓட்டை மண்ணு அடைச்சிருக்கான்னு பாருங்க, அடைச்சிருந்தா சூட்டுல உள்ள அழுத்தம் ஏறி புது சீலையும் தள்ளிடும், அப்புறம் ஷாஃப்ட்ட ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா சீல் பாவம் என்ன பண்ணும். ஷாஃப்ட்ல சீல் உதடு பட்டு வரிப்பள்ளம் விழுந்திருந்தா, சீல கொஞ்சம் முன்னயோ பின்னயோ நகத்தி ஏத்தினா புது இடத்துல உதடு உக்காரும்.

நட்டு கழட்ட முடியலன்னு பைப் போட்டு இழுக்கிறதுக்கு முன்னாடி அது இடது மரையான்னு பாத்துடுங்க, ஸ்பிண்டில் சுத்துற திசைக்கு ஏத்த மாதிரி சில மெஷின்ல அப்படி வச்சிருப்பாங்க. பிளேடு போல்ட்ட எப்பவும் பிளேடோட சேர்த்து மாத்துங்க, கழுத்து தேய்ஞ்ச பழைய போல்ட்ல புது பிளேட மாட்டினா ஓட்டை உடனே முட்டையாகும். தொங்கி ஆடுற வகை பிளேடுன்னா மாட்டினதுக்கு அப்புறம் கையால தள்ளினா தாராளமா ஆடணும், போல்ட்ட இறுக்கினதும் பிளேடு சிக்கிக்கிச்சுன்னா புஷ் நீளம் குறைவா கடைஞ்சிருக்கீங்க.

மாட்டி முடிச்சதும் கிரீஸ் கன் வச்சு பழைய கருப்பு கிரீஸ் வெளிய வந்து புதுசு எட்டிப் பாக்குற வரைக்கும் அடிங்க, இது புஷ் ஜாயின்ட்டுக்கு மட்டும், சீல் வச்ச பேரிங்ல அப்படி அடிச்சா சீல் பிதுங்கிடும். கத்தி மெஷினா இருந்தா பிடிஓ மாட்டுறதுக்கு முன்னாடி கிராங்க கையால முழுசா ரெண்டு சுத்து சுத்திப் பாத்துடுங்க. அப்புறம் குறைஞ்ச வேகத்துல புல்லு இல்லாம பத்து நிமிஷம் ஓட்டுங்க, முழுசா நிறுத்தி, சாவிய எடுத்துட்டு, ஒவ்வொரு பேரிங் ஹவுசிங் மேலயும் கைய வைங்க. வெதுவெதுன்னு இருந்தா சரி, கை வைக்க முடியலன்னா ரொம்ப இறுக்கியிருக்கீங்க, டேப்பர் பேரிங்னா நட்ட கொஞ்சம் தளர்த்தணும். முதல் ஒரு மணி நேர வேலைக்கு அப்புறம் எல்லா போல்ட்டையும் திரும்ப ஒரு தடவை இறுக்குங்க, புது பரப்புங்க படிஞ்சு உக்கார்றப்போ போல்ட் கொஞ்சம் தளரும், குறிப்பா கார்டு போல்ட்டும் பிளேடு போல்ட்டும்.